எண்ணெய்ச் சட்டிக்குப் போன நட்சத்திரம்

நாற்காலி மேனேஜர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவில், எங்கள் ஏரிக்கரை ஊரில் குளிர்காலம் வந்ததும் பறவைகள் எல்லாம் தெற்கே போய்விடும்; இது மட்டும் போகாது. மதுக்கடையின் உயரமான ஸ்டூலிலோ வீட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்துகொண்டு, எங்கள் கூடைப்பந்து அணியான நாரைகளை நடத்திக்கொண்டிருக்கும். நாரைகளுக்குச் சம்பளம் வாங்கும் மேனேஜர் ஒருவர் தனியாக இருக்கிறார்தான். அவர் பாவம், ஆபீஸ் நேரத்தில் மட்டுமே அணியைப் பற்றி யோசிக்கிறவர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பக்கத்தில் போய் நின்று, "இந்த வருஷம் பனி ஜாஸ்தி இல்ல?" என்று கேளுங்கள். சாதாரண மனிதர் என்றால் ஆமாம் என்பார். நாற்காலி மேனேஜர் என்றால், "பனி கிடக்குது, நாம பிக்கெட்ட என்ன பண்ணப் போறோம்?" என்பார். அந்த 'நாம'வைக் கவனியுங்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் தள்ளுபடியில் ஒரு பனியன் வாங்கியதைத் தவிர அவருக்கும் அணிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. ஆனால் ஜெயித்தால் நாம ஜெயித்தோம். தோற்றால் மட்டும் அவனுங்க தோத்துட்டானுங்க.

இந்த வருடம் அந்த இனத்துக்குப் பொற்காலம். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் ஜாரெல் பிக்கெட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது, ஆறடி எட்டங்குலம், ஆட்டத்துக்கு இருபத்தெட்டுப் புள்ளி. அவனுக்கு மனசு சரியில்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை, நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். நவம்பரில் கோச் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் கூரையைப் பார்த்தான். டிசம்பரில் இணையத்தில் தன் பக்கத்தில் இருந்த அணியின் படத்தை எடுத்துவிட்டு ஒரு நாய்க்குட்டியின் படத்தைப் போட்டான். ஜனவரியில் கறுப்புக் கோட்டு அணிந்து வந்தான். ஒஹையோவில், ஜனவரியில், ஒருவன் கோட்டு அணிந்து வந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இந்த விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. ஆட்டக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல் அவனை வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து இரண்டு மூன்று பேரை வாங்கிக்கொள்ளலாம். ட்ரேட் என்பார்கள். காலையில் ஏரிக்கரையில் பல் விளக்கியவன் மாலையில் பாலைவனத்து அணியின் பனியனுக்குள் இருப்பான். வருடத்துக்கு ஒரு கெடு தேதி உண்டு. அதற்குள் கொடுத்தால் கொடுத்ததுதான். பிக்கெட்டைக் கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று கெடு நெருங்க நெருங்க ஊரே இரண்டு கட்சியாகிவிட்டது. கொடுத்துவிடு கட்சியின் தலைவர், கொள்கைபரப்புச் செயலாளர், அதிகாரபூர்வமான தொண்டை எல்லாம் லெஸ்டர் குபியாக்.

லெஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது. வீடுகளுக்குச் சூடு தரும் ஃபர்னஸ் எந்திரங்களைப் பழுது பார்ப்பது தொழில். நிலவறையில் மல்லாந்து படுத்து, தலையை எந்திரத்துக்குள் விட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை செய்வார். விளையாட்டுப் பேச்சுக்கென்றே ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போன் பண்ணித் திட்டலாம். அங்கே பேசத் தொடங்குகிறவர்கள், ரொம்ப வருஷமாகக் கேட்கிறேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூப்பிடுகிறேன் என்று மரியாதைக்குச் சொல்வது வழக்கம். லெஸ்டரும் சொல்வார். தினமும் சொல்வார்.

"மொத தடவையா கூப்புடறேன்," என்பார் லெஸ்டர்.

"லெஸ்டர், நேத்துதானே கூப்ட்டீங்க?" என்பார் ரேடியோக்காரர்.

"நேத்து வேற ட்ரேட். இது புதுசு. எழுதிக்குங்க."

ஒருமுறை திருமதி பிராண்ட் என்கிற விதவைப் பெண்மணியின் வீட்டில் ஃபர்னஸ் நின்றுபோனது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அந்த அம்மாள் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு நிலவறைப் படியில் நடுங்கிக்கொண்டு நிற்க, லெஸ்டர் கழற்றிய திருகாணிகளைத் தரையில் பரப்பி மூன்று அணிகள் பங்கெடுக்கும் ட்ரேட் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தாராம். பெரிய திருகாணிதான் பிக்கெட். அது தெற்கே போகிறது. இரண்டு சின்னத் திருகாணிகளும் ஒரு வாஷரும் நமக்கு வருகின்றன. "அந்த வாஷர் யாருப்பா?" என்று திருமதி பிராண்ட் கேட்டிருக்கிறார். "அதுதாங்க எதிர்காலம்," என்றாராம் லெஸ்டர். அன்று எந்திரத்தைத் திரும்பப் பூட்டியபோது எதிர்காலம் மிச்சமாகிவிட்டது. அது இல்லாமலேயே ஃபர்னஸ் ஓடுகிறது.

எதிர்காலத்தின் மேல் இந்த இனத்துக்கு இருக்கிற காதலைச் சொல்லி முடியாது. கண்ணுக்கு முன்னால் ஒருவன் இருபத்தெட்டுப் புள்ளி போட்டுக்கொண்டிருப்பான். அவனைக் கொடுத்துவிட்டு, ஆறு வருடம் கழித்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கப்போகிற உரிமைச் சீட்டு ஒன்றை வாங்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டுக்குரிய இளைஞன் இப்போது எங்கோ ஏழாம் வகுப்பில் மூக்கை நோண்டிக்கொண்டிருக்கிறான். இருந்தால் என்ன? அவன் இதுவரை யாரையும் ஏமாற்றவில்லையே. இதில் இன்னொரு விசேஷம், இவர்கள் போடுகிற எல்லாக் கணக்கிலும் எதிர் அணிக்காரன் ஒரு வடிகட்டின முட்டாளாக இருந்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. இவனை அங்கே, அவனை இங்கே என்று போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், சம்பளக் கணக்கு ஒத்துவந்தால் பச்சை விளக்கு எரியும். லெஸ்டர் அந்தப் பச்சைகளை அச்செடுத்து வேனில் ஒட்டி வைத்திருக்கிறார். பச்சை எரிந்தால் நடந்த மாதிரிதான்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் கெடுதல் இல்லை. திருமதி பிராண்டுக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான். நாற்காலி மேனேஜர் நாற்காலியில் இருக்கும்வரை நாட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்த இனத்தின் கையில் தப்பித்தவறி நிஜமான ஓர் அணி மாட்டிக்கொண்டால்?

மாட்டியிருந்தது. எங்கள் ஊரில் கிறிஸ்தவக் கோயில்களுக்கு இடையே ஒரு கூடைப்பந்து லீக் நடக்கிறது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் கலந்து ஆடலாம். ஆறு அணிகள், ஆறு ஆம்புலன்ஸ் நம்பர்கள். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் அணிக்கு லெஸ்டர்தான் கேப்டன். நான் ஆடுகிறவன் இல்லை. மேஜையில் உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவன். மூன்று வருடத்துக்கு முன்னால் லெஸ்டர் லீக் கூட்டத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று இரவுக்குள், இரண்டு கேப்டன்கள் சம்மதித்தால், ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். எல்லோருக்கும் பசித்தது, கை தூக்கிவிட்டோம். அந்த விதியை யாரும் தொட்டதில்லை.

எங்கள் அணியின் நட்சத்திரம் டோரீன். லெஸ்டரின் மனைவி. ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். முப்பது வருடத்துக்கு முன்னால் கல்லூரி அணியில் ஆடியவர். தூரக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிந்தால் வளையம் அசையாமல் வலை மட்டும் ஒரு சத்தம் போடும், மூன்று புள்ளி. போன வருடம் நாங்கள் இரண்டாம் இடம் வந்தது முழுக்க அந்தச் சத்தத்தால்தான். டோரீனின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குப் பிறகு நீச்சலடிக்கலாம், பந்து ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி வருடம். டோரீனுக்கு இந்த உலகத்தில் வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வருடத்தை நன்றாக ஆடி முடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் என்ன ஆயிற்று? லெஸ்டருக்குத் தான்தான் பந்தைக் கொண்டுபோகவேண்டும் என்று ஒரு ஞானோதயம் வந்தது. பந்து லெஸ்டர் கைக்கு வந்தால் அங்கேயே அதற்கு வயதாகும். டோரீன் மூலையில் கோட்டுக்கு வெளியே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, யாரும் தடுக்காமல் தனியாக நிற்பார். லெஸ்டர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் போய் மூன்று பேருக்கு நடுவில் முட்டிக்கொள்வார். போன வருடம் டோரீன் ஆட்டத்துக்குப் பதினான்கு தடவை எறிந்தார். இந்த வருடம் மூன்று. என் நோட்டில் இருக்கிறது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதுவதுதானே என் வேலை?

இந்த வருடம் சாம்பல் புதன் சீக்கிரமே வந்துவிட்டது. நாரைகள் ஆடும் பெரிய லீகின் கெடு மறுநாள் வியாழன் மாலை மூன்று மணி. அதற்கும் மறுநாள் தவக்காலத்தின் முதல் வெள்ளி. தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது என்பதால் எங்கள் பங்கு மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். முந்நூறு பேர் வருவார்கள், வேறு சபைக்காரர்களான லூத்தரன்களும் வருவார்கள், நம்பிக்கையே இல்லாதவர்கள் முதலில் வருவார்கள். புதன்கிழமை மாலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நாங்கள் ஐந்தாறு பேர் சமையலறைக்குப் போனால், கரண்டில் ஓடும் பெரிய எண்ணெய்ச் சட்டி உயிரை விட்டுவிட்டது. லெஸ்டரே கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மீன் வறுவலுக்குப் பொறுப்பாளர் ஸ்டான் பியாசெக்கி. அவரும் எங்கள் அணிதான். ஸ்டான் கிட்டத்தட்ட அழுகிற நிலைக்கு வந்து, லூத்தரன் அணியின் கேப்டன் வால்ட் லிண்டுக்குப் போன் செய்தார். பனி வாரும் வண்டி ஓட்டுகிற வால்ட் அந்த வண்டியிலேயே வந்து இறங்கினார்.

"எங்க சட்டிய எடுத்துக்குங்க," என்றார் வால்ட். "பெருசு. நாப்பது லிட்டர். ஈஸ்டர் வரைக்கும் வச்சிக்குங்க. சும்மாதான்யா, நாங்க இந்த வருஷம் மீன் போடல."

விஷயம் அங்கே முடிந்திருக்கவேண்டும். நீங்களும் நானும் நன்றி சொல்லிச் சட்டியை வாங்கியிருப்போம். ஆனால் நாற்காலி மேனேஜரால் எதையும் சும்மா வாங்க முடியாது. சும்மா வந்தால் அது பேரம் ஆகாதே? லெஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண்ணில் பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன்.

"இரு வால்ட், அவசரப்படாத. உன் டீமுக்குத் தூரத்துலேருந்து எறியற ஆள் ஒண்ணு வேணும்ல?"

"வேணும்தான். யார் இருக்கா?"

"டோரீன்."

ஸ்டான் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"எந்த டோரீன்?" என்றார் வால்ட்.

"நம்ம டோரீன்தான்."

"யோவ், உன் பொண்டாட்டியா?"

"லீக்ல பொண்டாட்டி கிண்டாட்டி எல்லாம் கெடையாது. ஆட்டக்காரங்கதான்." லெஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்கு மனசு சரியில்ல வால்ட். மூணு மாசமா கவனிக்கறேன். ஆட்டத்துக்கு முன்னாடி ஒடம்ப சூடு பண்றப்ப சிரிக்கறதே இல்ல. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த டீம் போட்டோவ எடுத்துட்டு பல் டாக்டர் சீட்ட ஒட்டி வச்சிருக்கா. நான் பேசினா கூரையப் பாக்கறா. இப்படி ஒருத்தர் இருந்தா மொத்த டீமும் கெட்டுரும். முழங்கால் வேற. ஈஸ்டர் தாண்டினா அவள யாரு எடுப்பா? மதிப்பு இருக்கறப்பவே குடுத்துரணும்."

கவனித்தீர்களா? அந்த மனிதர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. சிரிக்காதது, போட்டோ, கூரை எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பார்த்து வைத்திருக்கிறார். ஏன் என்கிற ஒரு கேள்வியைத் தவிர வேறு எதையும் விடவில்லை.

"டோரீன்ட்ட கேட்டியா?" என்றார் வால்ட்.

"ஆட்டக்காரங்கள கேக்கற வழக்கம் எங்கயும் இல்ல. நீ உன் ஹென்னிங் பிரதர்ஸ் ரெண்டு பேரையும் குடு. சட்டியையும் சேத்துக்கோ. டோரீன எடுத்துக்கோ."

"அவனுங்க ரெண்டு பேரும் ப்ராக்டிஸ் பக்கமே வரமாட்டானுங்களே."

"ஆறடி நாலங்குலம்ல?"

"படுத்திருக்கறப்ப ஆறடி நாலுதான்." வால்ட் தலையைச் சொறிந்தார். "எனக்கு இது சரியாப் படல லெஸ்டர். ஆனா டோரீன் வந்தா நான் ஏன்யா வேணாங்கப் போறேன்?"

லெஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, அணியின் கருத்து என்ன என்றார். ஸ்டான் சட்டியை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். மற்றவர்கள் ஸ்டானைப் பார்த்துத் தூக்கினார்கள். நான் ஆடுகிறவன்கூட இல்லை, நானும் தூக்கினேன். முந்நூறு பேர், நாற்பது லிட்டர், ஆறடி நாலங்குலம் என்று எல்லா எண்களும் சரியாகத்தான் இருந்தன. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் அரைமணிக்கு முன்னால்தான் எங்கள் நெற்றியில் பூசி அனுப்பியிருந்தார். அதற்குள் நாங்கள் ஆள் விற்க ஆரம்பித்துவிட்டோம்.

வீட்டுக்குப் போய் டோரீனிடம் சொல்லவேண்டியது லெஸ்டரின் பொறுப்பு. அன்று நாரைகளுக்கு ஆட்டம் இருந்ததால் லெஸ்டருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லையாம். வியாழக்கிழமை காலை டோரீன் பஸ் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வால்டின் போன் வந்தது. லெஸ்டர் சொல்லியிருப்பார் என்று நம்பி அந்த நல்ல மனிதர் பேசியிருக்கிறார்.

"வாங்க டோரீன். எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். ப்ராக்டிஸ் செவ்வாய்க்கிழம ஆறு மணி."

"என்ன ப்ராக்டிஸ்?"

வால்ட் விளக்கினார். விளக்க விளக்க அவர் குரல் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. டோரீன் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"ஹென்னிங் பசங்க ரெண்டு பேரு," என்றார் டோரீன். "அப்புறம்?"

"அப்புறம்... எங்க எண்ணெய்ச் சட்டி."

"பெருசா, சின்னதா?"

"பெருசு."

"ம்," என்றார் டோரீன். "சனிக்கிழமை உங்களுக்கும் அவங்களுக்கும்தானே மேட்ச்? என் பனியன் சைஸ் மீடியம்."

அன்று மூன்று மணிக் கெடு முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது, நாரைகள் பிக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஆட்டக்காரர்கள், மூன்று எதிர்காலச் சீட்டுகள். லெஸ்டர் நான்கு மாதமாகத் தொண்டை கிழியக் கேட்டது அப்படியே நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ரேடியோவில் முதல் ஆளாக லெஸ்டரின் குரல் வந்தது. ஊரே கேட்டது, நானும் கேட்டேன்.

"மொத தடவையா கூப்புடறேன். முட்டாப் பசங்க சார். இருவத்தெட்டுப் புள்ளி போடறவன யாராச்சும் குடுப்பானா? அந்தப் பையன் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான், சரி. ஒருத்தனாவது அவன ஒக்கார வச்சு, என்னப்பா உனக்கு வேணும், எதுனால இப்படி இருக்கன்னு கேட்டானா? ஒரு வார்த்த. ஒரு வார்த்த கேட்டிருந்தா அவன் இங்கயே இருந்திருப்பான் சார். மனுஷனோட மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பள்ளிக்கூட வாசலில், மணியடிக்கக் காத்திருந்த பஸ்ஸில், டோரீனும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். சிரிப்பு நிற்க ரொம்ப நேரம் ஆயிற்றாம். நடுவில் எங்கோ அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது என்றும் சொன்னார். புதன்கிழமை தூக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மீன் அமோகமாக வந்தது. லூத்தரன் சட்டியில் கத்தோலிக்க மீன் பொன்னிறமாகப் பொரிந்தது. லெஸ்டர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் பிக்கெட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லி ஒரு துண்டு போட்டுக்கொண்டிருந்தார். வருடாவருடம் முட்டைக்கோஸ் சாலட் கலக்குகிற டோரீன் அன்று வரிசையில் தட்டோடு வந்தார். முன்னால் வால்ட், பின்னால் வால்டின் மனைவி.

"நீ ஏன் க்யூவுல நிக்கற?" என்றார் லெஸ்டர். "சாலட் யார் கலக்கறது?"

"நான் விருந்தாளி. லூத்தரன் டேபிள்." தட்டை நீட்டினார் டோரீன். "நல்ல சட்டி லெஸ். என் வெல இவ்ளோ பெருசா இருக்கும்னு நெனைக்கல."

லெஸ்டர் பெரிய துண்டாகத் தேடி எடுத்து வைத்தார். "தப்பா எடுத்துக்காத. இது ஆட்டம் சம்பந்தப்பட்டது. வீடு வேற, டீம் வேற."

"ஆமா. வீட்ல நீ பேசிக்கிட்டேதான் இருக்க. டீம்ல பந்த வச்சுக்கிட்டேதான் இருக்க. ரெண்டும் வேறதான்."

வரிசை நகர்ந்தது. லெஸ்டர் முன்னால் அடுத்த தட்டு காலியாகவே நீண்டிருந்தது. ஒரு துண்டு கருகியது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ஹென்னிங் சகோதரர்களில் ஒருவர் வந்தார். இன்னொருவர் மீன் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினார். டோரீனைத் தடுக்கும் பொறுப்பை லெஸ்டரே எடுத்துக்கொண்டார். அவ ஆட்டம் முழுக்க எனக்கு அத்துப்படி என்றார். முதல் நிமிடம் வால்ட் பந்தைக் கொண்டுவந்தார். டோரீன் தன் வழக்கமான மூலைக்குப் போய் இரண்டு கையையும் விரித்தார். வால்ட் பார்த்தார், கொடுத்தார். விசேஷம் ஒன்றுமில்லை, நின்ற இடத்துக்குப் பந்து வந்தது. வலை சத்தம் போட்டது. லெஸ்டர் திரும்பி வளையத்தைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. அந்த மூலையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது மூன்று மாதத்தில் அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கை வலித்தது. மூன்று, மூன்று, மூன்று என்று எழுதிக்கொண்டே இருந்தேன். டோரீன் நொண்டிக்கொண்டு ஓடினார், நொண்டிக்கொண்டு எறிந்தார், ஒவ்வொரு தடவையும் கொடுத்தவரை விரலால் சுட்டி நன்றி சொன்னார். முப்பத்தொன்பது புள்ளி. எங்கள் லீகில் யாரும் அவ்வளவு போட்டதில்லை. நாங்கள் இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். எங்கள் பக்கத்து ஆட்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்டான் அழுதார். சட்டிக்காக அழ முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் முடிந்து டோரீன் பெஞ்சில் முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தார். என் மேஜைக்குப் பக்கத்து பெஞ்ச், அதனால் கேட்டது. லெஸ்டர் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"திரும்பி வந்துரு," என்றார் கடைசியில். "சட்டியக் குடுத்துடலாம்."

"முடியாது. கெடு புதன்கெழமையோட போச்சு. நீதான எழுதின?"

"இன்னும் எத்தன மேட்ச் ஆடலாம்னு டாக்டர் சொன்னாரு?"

"ஈஸ்டர் வரைக்கும். நாலு."

லெஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு, ரேடியோவில் அவ்வளவு சரளமாக வந்த அந்தக் கேள்வி, ஒவ்வொரு எழுத்தாக முக்கி முனகி வெளியே வந்தது.

"உனக்கு என்னதான் வேணும்னு இருந்துச்சு?"

"பந்து," என்றார் டோரீன். ஐஸ் பையைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்கு நெறைய வந்துச்சு. வால்ட் நல்லாத்தான் குடுக்கறாரு. ஆனா உன் கையிலேருந்து வரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன் லெஸ். கடைசி வருஷம்னு உனக்குத் தெரியும்ல?"

டோரீன் எழுந்து நொண்டியபடி லூத்தரன்கள் பக்கம் போனார். அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். லெஸ்டர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நோட்டை மூடினேன். மூன்று மாதமாக அதில் எழுதி வைத்திருந்ததை ஒரே ஒருநாள் அவரிடம் திறந்து காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. கை மட்டும் தூக்கினேன். ஆக நானும் அந்த இனம்தான். கொஞ்சம் சத்தம் போடாத ரகம்.

நீங்கள் அப்படியில்லை. எனக்குத் தெரியும். கூடைப்பந்தே பார்க்கமாட்டீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதுதான் விஷயம். சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில். நீங்கள் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறீர்கள். தங்கையிடம் கலந்து பேசினீர்கள், நண்பரிடம் யோசனை கேட்டீர்கள், வேலையை மாற்றச் சொல்லலாமா, ஊரை மாற்றலாமா, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிடலாமா என்று நாலு பேரோடு உட்கார்ந்து அலசி ஒரு நல்ல முடிவுக்கும் வந்துவிட்டீர்கள். எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். சம்பந்தப்பட்டவரிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது இது அப்படியே என் மச்சானைப் பற்றியல்லவா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். உங்கள் மச்சானையும் விசாரித்துவிட்டேன். அவர் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்.